வாட் கணக்கு வேறு, வேட்டிக் கணக்கு வேறு

கல்யாணத்துக்குக் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. சிராங்கூன் சாலையில் ஒன்பதரைக்கு முகூர்த்தம். சாப்பாட்டு மேசையில் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டியை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது இழுப்பில் பெட்டிக்குள் ஏதோ களகளத்தது. தூக்கிப் பார்த்தால், கரைக்கு நான்கு விரல் மேலே ஐம்பது காசு அகலத்துக்குப் பழுப்புத் தண்ணீர். துடைக்கத் துடைக்க அது பரவியதே தவிரப் போகவில்லை.

இணையத் தள்ளுபடியில் 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய ஸ்டீம் இஸ்திரிப் பெட்டி அது. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அன்று இரவு, வீட்டுப் பதுங்கறையான பாம் ஷெல்டருக்குள் கிடந்த அதன் அட்டைப்பெட்டியை எடுத்து முதன்முறையாக முழுதும் படித்தேன். 1,200 வாட். நிமிடத்திற்கு 45 கிராம் நீராவி. பளபளக்கும் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து இயற்பியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், இந்த இரண்டு எண்ணும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்க முடியாது என்று தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 ஜூல் வேண்டும். கொதித்த தண்ணீரை ஆவியாக்க இன்னும் 2,257 ஜூல். கிராமுக்குக் கிட்டத்தட்ட 2,550 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்திற்கு 45 கிராம் என்றால் நொடிக்கு முக்கால் கிராம். அதற்கு மட்டுமே 1,900 வாட்டுக்கு மேல் தேவைப்படும். துணியைச் சூடாக்குவதற்கு இதில் ஒரு வாட்கூடச் சேரவில்லை. 1,200 வாட் முழுவதையும் நீராவிக்கே செலவழித்தாலும் நிமிடத்திற்கு 28 கிராம்தான் தேறும். மீதித் தண்ணீர் என்ன ஆகும்? ஆவியாகாமல் உள்ளறையில் சுற்றி, அங்கே படிந்திருக்கும் உப்பையும் கருகலையும் கழுவிக்கொண்டு, துளை வழியாக வேட்டியில் இறங்கும்.

அதனால் கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் நான் போடும் முதல் கணக்கு இதுதான். அட்டையில் உள்ள கிராமை 42ஆல் பெருக்கினால், அந்த நீராவிக்கு மட்டும் வேண்டிய வாட் கிடைத்துவிடும். நிமிடத்திற்கு 30 கிராம் தரும் பெட்டிக்கு 1,260 வாட் அதிலேயே போய்விடும். தகட்டுக்கும் துணிக்கும் சேர்த்து 2,000 வாட் இருந்தால்தான் நிம்மதி. பொத்தானை அழுத்தினால் நிமிடத்திற்கு 120 கிராம், 150 கிராம் வேகத்தில் ஒரே மூச்சாகப் பாய்ச்சும் என்று போட்டிருப்பது வேறு சங்கதி. அது தகட்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சூட்டை ஒரு விநாடி கடன் வாங்குவது. நான்கைந்து முறை தொடர்ந்து அழுத்தினால் கடன் ஏறித் தகடு குளிர்ந்து மறுபடியும் சொட்டும். அடித்தகட்டில் முந்நூறு துளை, நானூறு துளை என்று எண்ணிச் சொல்வதை நான் கண்டுகொள்வதே இல்லை. துளை எத்தனை இருந்தாலும் உள்ளே உண்டாகும் ஆவி அதேதான்.

சுருக்கம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அதன் நீண்ட மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. ஈரம் உள்ளே புகுந்தால் அந்தக் கட்டுகள் தளரும். சூடும் அழுத்தமும் இழையை நேராகக் கிடத்தும். ஈரம் போய்ச் சூடு ஆறும்போது, கிடந்த நிலையிலேயே கட்டு மறுபடி விழும். தேய்த்த சட்டையைச் சூட்டோடு சூடாகப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகெல்லாம் கசங்குவதும் இதனால்தான். ஐந்து நிமிடம் கொடியில் தொங்கவிட்டால் அந்தச் சட்டை மாலைவரை நிற்கும். பாலியெஸ்டர் வேறு மாதிரி. அது ஈரத்தைப் பொருட்படுத்தாது. 70, 80 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். பிள்ளைகளின் கலப்புத் துணிப் பள்ளிச் சீருடைக்குப் பெரும் சூடு தேவையே இல்லை. அதிகமாகக் கொடுத்தால் மடிப்பில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுமினுப்பு ஏறிவிடும், பிறகு அது போகாது.

ஆக ஈரம், சூடு, எடை, கொஞ்சம் பொறுமை. டோபி காட் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த சலவைத் தொழிலாளர்களுக்கு இது தெரியும். அந்த வட்டாரத்து ஓடையில் துவைத்து உலர்த்திய துணிகளுக்குக் கரிப்பெட்டியில் சூடு இருந்தது, பெட்டி நாலைந்து கிலோ கனத்தது, ஈரத்தைக் கையால் தெளித்தார்கள். இன்றைய ஸ்டீம் பெட்டி செய்வது அந்தத் தெளிப்பு வேலையைத்தான். எடை குறைந்ததை நீராவியால் ஈடுகட்டுகிறது. தெளிக்கும் வேலையை நாமே செய்தால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நீராவி வசதி இல்லாத, கனமான சாதா இஸ்திரிப் பெட்டி ஒன்று, இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும் தெளிப்பான் போத்தல் ஒன்று. பெயர் தெரிந்த நிறுவனங்களின் சாதா பெட்டி ஏறத்தாழ 25 முதல் 35 வெள்ளிக்குள் கிடைத்துவிடும். உள்ளே தண்ணீர்த் தொட்டி கிடையாது, வால்வு கிடையாது, அடைத்துக்கொள்ளத் துளை கிடையாது. கெட்டுப்போகக்கூடியவை கம்பியும் வெப்பக் கட்டுப்பாடும் மட்டும்தான். அதே 25 வெள்ளிக்குக் கிடைக்கும் ஸ்டீம் பெட்டியில் அத்தனை பாகத்தையும் அதே பணத்துக்குள் அடக்கியாக வேண்டும், எங்கேயாவது கை வைத்திருப்பார்கள். லிட்டில் இந்தியாவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, அட்டையைப் படித்தது போதும். தூக்கிப் பாருங்கள்.” சாதா பெட்டிக்கு அதுதான் சோதனை. கையில் வைத்தால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

நம் ஊர்க் காற்று இதில் பாதி உதவி செய்கிறது. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். மூங்கில் கழியில் மாட்டிய துணி மொறுமொறுவென்று காயும் நாள் குறைவு. சட்டையின் காலரும் தையல் ஓரமும் சற்றுச் சில்லென்று இருக்கும்போதே எடுத்துத் தேய்த்தால் தெளிப்பான்கூட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் காய்கிற துணிக்கு இது இன்னும் பொருந்தும். தேய்த்ததும் அலமாரிக்குள் அடைத்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. மிச்ச ஈரம் பூஞ்சையாகிவிடும்.

யாரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது: மேசை. நம் வீடுகளில் கட்டிலிலோ தரையிலோ போர்வை விரித்துத் தேய்ப்பதுதான் வழக்கம். சாதா பெட்டிக்கு அது பரவாயில்லை. ஸ்டீம் பெட்டிக்கு ஆகாது. நீராவி துணியை ஊடுருவி மறுபக்கம் வெளியேறினால்தான் இழை உலரும். போர்வை அதைத் தடுத்து வைத்துக்கொள்ளும். அடியில் ஈரம் தேங்கும். தேய்த்த துணி ஈரக் கோழிபோல் எழுந்துவரும். இதைப் பெட்டியின் குறை என்று நினைத்து இன்னும் விலை கூடிய பெட்டியைத் தேடிப் போகிறோம். வலைக்கம்பி மேல்தளம் உள்ள இஸ்திரி மேசையில் அந்த ஆவி கீழே இறங்கிப் போய்விடும். கையில் 80 வெள்ளி இருந்தால் முழுவதையும் பெட்டியில் போடாமல், 40 வெள்ளிக்குப் பெட்டியும் மீதிக்கு மேசையும் வாங்குவதே என் யோசனை. மூவறை வீட்டில் இன்னொரு மேசைக்கு இடமில்லை என்பவர்கள், போர்வை தேய்ப்பையும் சாதா பெட்டியையுமே தொடரலாம். அந்த ஜோடி நன்றாகவே ஒத்துப்போகும்.

ஸ்டீம் பெட்டி யாருக்கு? வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பருத்திச் சட்டை, லினன் உடை, தேசிய சேவையில் இருக்கும் மகன் வார இறுதியில் கொண்டுவரும் துணிமூட்டை என்று குவியும் வீட்டுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஏறத்தாழ 40 முதல் 70 வெள்ளி வரையிலான பெட்டிகள் போதும். அங்கே பார்க்க வேண்டியது சொட்டுத் தடுப்பு. தகடு போதிய சூடு இல்லாதபோது தண்ணீர் வழியைத் தானாக மூடிவிடும் அமைப்பு அது. அடுத்தது தண்ணீர் ஊற்றும் வாய் எவ்வளவு அகலம், அதன் மூடி எவ்வளவு உறுதி என்பது. தொட்டி 300 மில்லி என்றால் நிமிடத்துக்கு 40 கிராம் வேகத்தில் ஏழரை நிமிடத்தில் காலியாகிவிடும். ஒரு மணி நேரத்தில் அந்த மூடியை எத்தனை முறை திறப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொட்டி பெரிதானால் கையில் சுமையும் கூடும். எங்கள் வீட்டில் முதலில் உடைந்தது எப்போதும் அந்த மூடிதான்.

வாங்கி வந்த அன்றே செய்ய ஒரு சோதனை உண்டு. பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை விரியுங்கள். திருகை இரண்டு புள்ளியில் வைத்து, விளக்கு அணையும்வரை காத்திருங்கள். பிறகு நீராவியைத் திறந்து இரண்டு நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள். துண்டில் சொட்டு விழுந்தால் தாமதிக்காமல் கடைக்குத் திரும்பிப் போங்கள். மூன்று புள்ளியில் பெரும்பாலான பெட்டிகள் ஒழுங்காக நடந்துகொள்ளும்; தரம் தெரிவது இரண்டு புள்ளியில்தான்.

அந்தப் புள்ளிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துணிச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் அடித்தகடு சுமார் 110 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். இரண்டு புள்ளிக்கு 150, மூன்றுக்கு 200. பெட்டிக்குள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு பட்டை. சூடேறும்போது ஓர் உலோகம் மற்றதைவிட அதிகமாக விரியும், பட்டை வளையும், மின்தொடர்பு அறுபடும். நீங்கள் கேட்கும் ‘டிக்’ அதுதான். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும். இந்தப் பட்டை மட்டமாக இருந்தால் 150இல் நிற்க வேண்டியது 180க்கும் 120க்கும் இடையே ஊஞ்சல் ஆடும். வெளியே தெரியாத பாகம் என்பதால் மலிவுப் பெட்டிகளில் முதலில் தரம் குறைவது இதில்தான். வாட் அதிகமானால் தகடு அதிகம் சுடும் என்பது தவறான எண்ணம். அரை கிலோவுக்குச் சற்று மேலான அலுமினியத் தகட்டை 200 டிகிரிக்குக் கொண்டுவர 1,000 வாட் பெட்டி ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளும், 2,000 வாட் பெட்டி முக்கால் நிமிடம். வித்தியாசம் அந்தக் காத்திருப்பில்தான்.

அடித்தகட்டுக்குப் பீங்கான், டைட்டானியம், வைரம் என்று என்னென்னவோ பெயர் வைக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது அலுமினிய வார்ப்புதான், ஏனென்றால் அது சூட்டைச் சீராகப் பரப்பும். பெயர்கள் எல்லாம் மேலே உள்ள மெல்லிய பூச்சையோ உறையையோ பற்றியவை. ஒட்டாத பூச்சு வழவழப்பாக ஓடும். ஜீன்ஸ் ஜிப்பும் உலோகப் பொத்தானும் அதற்கு எமன். எவர்சில்வர் முகம் அவ்வளவு வழுக்காது, ஆனால் கஞ்சி கருகி ஒட்டினாலும் தேய்த்துக் கழுவ முடியும். வேட்டிக்கும் சட்டைக்கும் கஞ்சி போடும் வீட்டுக்கு நான் எவர்சில்வரைத்தான் சொல்வேன்.

பட்டுப்புடவை தனிக்கதை. அதற்கு எந்தப் பெட்டியின் நீராவியையும் நம்பாதீர்கள். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டில் வட்டம் தங்கிவிடும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, திருகை ஒன்றுக்கும் இரண்டு புள்ளிக்கும் இடையில் வைத்து, புடவையின் உட்புறத்தைத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணியைப் போட்டுத் தேய்ப்பதுதான் வழி. ஜரிகைமேல் இன்னும் கவனம் வேண்டும். அசல் ஜரிகை, பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியது. இன்று விலை குறைந்த புடவைகளில் இருப்பது உலோகம் பூசிய பாலியெஸ்டர் இழை. சூடு பட்டால் அது சுருளும், முந்தானை முழுவதும் அலை அலையாகிவிடும். அத்தையின் பச்சைப் புடவை ஒன்று இப்படி ஆகி, இன்றுவரை அதன் விலையை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை.

தண்ணீருக்கு வருவோம். நம் குழாய்த்தண்ணீர், ஊரில் ஆழ்குழாய்க் கிணற்றில் வருவதைப்போல் உப்புக் கரிப்பது அல்ல. சாதாரணமாக அதையே ஊற்றலாம். ஆனாலும் ஒவ்வொரு தொட்டியும் ஆவியாகும்போது தன்னிடமிருந்த உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். மாதம் ஒருமுறை தொட்டியை நிரப்பி, உச்சச் சூட்டில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழுவுதொட்டிமேல் பிடித்து உள்சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்திக் குலுக்க வேண்டும். வருகிற நிறத்தைப் பார்த்தால் என் வேட்டிக்கு என்ன நேர்ந்தது என்று உங்களுக்கே புரியும். ஏர்கண்டிஷனரிலிருந்து வடிகிற தண்ணீர் காய்ச்சி வடித்த தண்ணீர்தானே என்று சிலர் பிடித்து வைத்து ஊற்றுகிறார்கள். காற்றில் உள்ள தூசியும் குழாயில் வளரும் பாசியும் அதில் கலந்திருக்கும். வினிகர், வாசனைத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் ஆகியவையும் தொட்டிக்குள் போகக் கூடாது.

மின்கட்டணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 2,000 வாட் பெட்டி வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடி, அதில் பாதி நேரம் சூடேற்றினால் ஒரு யூனிட் ஆகும். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் ஆண்டுக்கு 16 வெள்ளி. நீராவியை நிறையப் பயன்படுத்தினால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இங்கே மின்சார இஸ்திரிப் பெட்டி கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிய அரசு அமைப்பிடம் பதிவு செய்து, பாதுகாப்புச் சின்னத்தோடுதான் விற்க வேண்டும். சின்னத்துக்குப் பக்கத்தில் பதிவு எண்ணும் இருக்கும். இரண்டு முள் பிளக்கும் கூடவே ஓர் அடாப்டரும் வைத்து அனுப்பினால் வாங்காதீர்கள். 2,000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஐரோப்பாவின் மெல்லிய இரண்டு முள் பிளக் 2.5 ஆம்பியருக்கு மட்டுமே ஆனது. நம் மூன்று முள் பிளக்கின் எல்லை 13 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3,000 வாட். ஒரே நீட்டிப்புக் கம்பியில் இஸ்திரிப் பெட்டியையும் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலையும் சேர்த்துச் செருகினால் அந்த எல்லை தாண்டிவிடும். ஜப்பான் பயணத்தில் ஆசைப்பட்டு வாங்கியது 100 வோல்ட்டுக்கானது. இங்கே செருகினால் அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. ஜோகூர் பாருவில் வாங்கினால் பிளக்கும் மின்னழுத்தமும் ஒத்துப்போகும்தான். ஆனால் பழுதானால் உத்தரவாதத்தைத் தேடி எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் நிற்க வேண்டும்.

பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பிலிப்ஸ் தன் வீட்டுச் சாதனத் தொழிலை 2021இல் ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2023 முதல் அந்தத் தொழிலின் பெயர் வெர்சூனி. பிலிப்ஸ் என்ற எழுத்து உரிமத்தின் பேரில் தொடர்கிறது. இதனால் பெட்டி மட்டம் என்று சொல்லவில்லை. உத்தரவாத அட்டையில் யார் பொறுப்பு, பழுதுபார்க்கும் இடம் எங்கே என்பதுதான் பெயரைவிட முக்கியம் என்கிறேன். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன் சட்டம்’ நமக்கு ஒரு பிடி. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. என் பெட்டி ஐந்தாவது மாதம் சொட்டியது. சட்டம் என் பக்கம்தான். விற்றவர்தான் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே தெரியவில்லை. வெளிநாட்டு முகவரி, மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து அப்படி வரும் சிறு விலைப் பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆகவே வரி மிச்சம் என்ற சாக்கும் இப்போது கிடையாது.

கையடக்க ஸ்டீமரைப் பற்றிக் கேட்பார்கள். மெல்லிய ரவிக்கைக்கும் பயணத்துக்கும் நல்லது. அழுத்தம் இல்லாததால் சட்டைக் காலரில் தோற்றுவிடும். கம்பியில்லாப் பெட்டி அடிக்கடி தாங்கிக்குத் திரும்பிச் சூடேற வேண்டும். தனித் தொட்டியோடு வரும் பெரிய நீராவி நிலையங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் விலை நாம் இங்கே பேசும் பட்ஜெட்டுக்கு மேலே போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது 32 வெள்ளிக்கு வாங்கிய சாதா பெட்டி ஒன்றும், அடுத்த புளோக் அத்தை இடம்பெயர்ந்தபோது கொடுத்துவிட்டுப் போன இஸ்திரி மேசை ஒன்றும் இருக்கின்றன. வேட்டியின் கறை எலுமிச்சைக்கும் வெயிலுக்கும் பாதிதான் மசிந்தது. கட்டும்போது அந்த இடம் உள்மடிப்புக்குள் போகும்படி எந்த முனையில் தொடங்க வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டது.